செல்வாம்பாளுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து

மச்சானுக்கு,

நஸ்லினின் ஸலாம்.

கல்லூரியில் நான் நடத்தும் மருத்துவமனைப் பதிவு வகுப்பில் உண்மையான நோயாளி ஒருவர்கூட இல்லைதான். போனில் நீங்கள் கேட்டபோது சிரித்து மழுப்பினேன். பதினெட்டு மாணவர்கள், பதினெட்டு கணினிகள், நாங்களே கற்பனை செய்த இருநூறு நோயாளிகள். இதற்காகவா ஜூனில் பாரீசுக்கு என்னிடம் வராமல் தள்ளிப்போடப் பார்க்கிறாய் என்றீர்கள். பதில் சொல்கிறேன்.

மாமி நலம். சர்க்கரை குறைந்திருக்கிறது. மாடியில் ஒழுகிய இடத்தைப் பூசியாகிவிட்டது. "இல்லாத ஆஸ்பத்திரிக்கு எம்மருமவ டூட்டிக்குப் போறா" என்று ரெட்டியார்பாளையம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறார்.

நாங்கள் பயன்படுத்துவது திறமூல மென்பொருள். உண்மையான மருத்துவமனைகளில் நோயாளிகளைப் பதிய ஓடுவது. விலை இல்லை. உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். அதனால்தான் அதை வைத்துப் பாடம் நடத்துகிறேன்.

சென்ற வாரம் என் மாணவி கார்குழலி ஒரு கற்பனை நோயாளியைப் பதிந்தாள். செல்வாம்பாள், ஐம்பத்தெட்டு வயது, தேங்காய்த்திட்டில் மீன் விற்பவர். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது. கார்குழலியின் அம்மா நர்ஸ். இப்படிப்பட்டதைச் சீட்டின் தலையில் சிவப்பு மையால் எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவள். திரையின் தலையில் ஒரு குறிப்புப் பெட்டி இருந்தது. அங்கே எழுதினாள். ஒவ்வாமைக்கென்று கீழே தனியாக இருந்த கட்டம் காலி.

மருத்துவராக நடிக்க உட்கார்ந்த மாணவன் வெற்றிவேல் அமாக்சிசிலின் எழுதினான். அதுவும் பெனிசிலின் வகைதான். கட்டம் காலியாக இருந்ததால் மென்பொருள் எச்சரிக்கவில்லை.

"அடப்பாவி, எங்க மீன்காரம்மாவக் கொன்னுட்டியேடா" என்றாள் கார்குழலி. வகுப்பே சிரித்தது. "நீ எங்கடி எழுதி வச்ச? என் பக்கத்துல ஒண்ணுமே வரலியே" என்றான் அவன். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நானும் அங்கேதான் எழுதியிருப்பேன், மச்சான். அதை அவர்களிடம் சொன்னேன்.

மூன்று நாள். மென்பொருளைத் திறந்து மாற்றினார்கள். இப்போது பதிவுப் பக்கத்தின் தலையிலேயே சிவப்பில் ஒரு கேள்வி: எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? பதில் சொல்லாமல் பக்கம் நகராது. சொன்ன பதில் மருத்துவரின் திரைக்கும் போகும். இந்த மாற்றத்தை, மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினோம். யாரோ ஒருவர், எந்த நாடோ, இரண்டு சந்தேகம் கேட்டு எழுதினார். வெற்றிவேல் பதில் போட்டான். இன்னும் ஏற்கவில்லை. ஏற்பார்கள்.

துறைத் தலைவர் தணிகாசலம் சார் வந்து பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா பரீட்சையில இது வராது. நீங்க போயிட்டா யாரு இதக் கட்டி மேய்க்கிறது? ஸ்லைடு போட்டு முடிச்சிடலாம்" என்றார். ஜூலையில் புதிய மாணவர்கள் வருகிறார்கள். நான் இல்லையென்றால் அவர்களுக்கு ஸ்லைடுதான். அவர்களில் ஒருவர் நாளை ஓர் உண்மையான செல்வாம்பாளைப் பதிவார்.

எங்கள் துறையின் கலைவாணி மேடம் என்னோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறார். இன்னும் ஒரு செமஸ்டர் நான் கூடவே இருந்தால், அதன்பின் தனியாக நடத்திவிடுவார். எனக்குச் சந்தேகமில்லை.

கோபப்படுங்கள். இரண்டு நாள் பேசாமல்கூட இருங்கள். ஆனால் உங்களை விட்டு இருப்பது எனக்குச் சுலபம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அங்கே குளிர் தொடங்கும்போது பக்கத்தில் இருப்பேன். அதுவரை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அல்லாஹ் உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

துஆவுடன்,
நஸ்லின்

பி.கு.: மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று காலை ஜூன் மாத விமான டிக்கெட்டை நவம்பர் பதினான்காம் தேதிக்கு மாற்றினேன்.