கயிற்றில் சிக்கிய கொப்பு

சாவகச்சேரி,
4.2.1991

மதிப்புக்குரிய மாஸ்டருக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டுகிறேன். இந்தியாவுக்கென்று வல்வெட்டித்துறையில் வேறு இளைஞர்களோடு வள்ளம் ஏறிய என் மகன் தவநேசனிடமிருந்து மூன்று மாதமாகச் செய்தியில்லை. வள்ளம் மட்டும் ஆளில்லாமல் மிதந்ததாம். இத்துடன் அனுப்பும் இந்தக் கொப்பு அதன் கட்டுக்கயிற்றில் சிக்கியிருந்தது. காய்ந்து போனதால், வள்ளத்தைக் கண்டெடுத்த சோமசேகரத்துக்கும் என்ன செடியென்று மட்டுக்கட்ட முடியவில்லை. "அக்கா, உது அங்காலை, இந்தியாக் கரைப் பத்தையெண்டால் பொடியள் இறங்கிட்டாங்கள்" என்றான்.

மகள் வினிபிரட் நினைவு ஆராதனை வைக்கச் சொல்கிறாள். தாவரவியல் படிப்பித்த நீங்கள், இது எந்தக் கரைச் செடியென்று ஒரு சொல்லில் எழுதுங்கள். "நேசையா 'ஓம்' எண்டு சொல்ல ஒரு கிழமை எடுப்பான்" என்று உங்களைப் பற்றி என் அவர் பகிடி பண்ணுவார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

கி. நவமணி

உடுவில்,
19.2.1991

அன்புள்ள சகோதரிக்கு,

கொப்பை வெந்நீரில் ஊறவைத்துப் பூவை விரித்தேன். கசங்கிய வெள்ளை இதழ்கள் ஆறு. சதைப்பற்றான சிற்றிலை, மேலே பட்டுமயிர். இரண்டு நூல்களில் சரிபார்த்தேன். பெம்பிஸ் என்ற கடற்கரைச் செடி. நம் கரைகளில் நான் பறித்து, உலர்த்தி ஒட்டிப் பெட்டியில் வைத்திருக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு செடித் தாள்களிலும் இது இல்லை. இந்தியாவில் மண்டபக் கரையில் உண்டென்று நூல் சொல்கிறது.

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒரு சொல்லில் கேட்டீர்கள்: அங்காலை. தம்பி தவநேசன் இறங்கியிருக்கிறார்.

த. நேசையா

சாவகச்சேரி,
6.3.1991

மாஸ்டர்,

ஆராதனையை நிறுத்திவிட்டேன். வினிபிரட் கொழும்புக்குக் கூப்பிட்டும் போகவில்லை. அவன் கடிதம் இந்த விலாசத்துக்குத்தானே வரும். நேற்றுத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். ஆண்டவர் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

நவமணி

உடுவில்,
11.5.1991

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று நாளாக இதை எழுதுகிறேன். மருதனார்மடச் சந்தையில் ஒரு விறகுக் கட்டுக்குள் அதே செடியைக் கண்டேன், பூவோடு. விற்கிற நல்லம்மா சிரித்தாள்: "என்ன மாஸ்டர், விறகிலை பூ எண்ணுறியள்? உது வல்வெட்டித்துறைக் கரையிலை கண்டபாட்டுக்குக் கிடக்குது. பச்சை, எரியாது. வேறை கட்டு எடுங்கோ."

அந்தக் கரையில் நான் ஒருநாளும் செடி பறித்ததில்லை. வலை இழுப்பவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்று கூச்சம். என் பெட்டியில் இல்லாததைக் கரையிலும் இல்லையென்று எழுதிவிட்டேன். புறப்பட்ட இடத்திலேயே கொப்பு கயிற்றில் சிக்கியிருக்கலாம். தம்பி இறங்கினாரா என்பது எனக்குத் தெரியாது. மன்னியுங்கள்.

த. நேசையா

சாவகச்சேரி,
23.5.1991

மாஸ்டர்,

நான் கேட்டது உங்களிடம், விறகுக்காரியிடம் அல்ல.

உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி எழுத வேண்டாம். மாசியில் எழுதியது என்னிடமே இருக்கட்டும்.

கி. நவமணி