தாய் கொடுத்து அனுப்பியது

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாயா என்பதுதான் என் கவலை. போன் செய்தால் அத்தைதான் எடுக்கிறார். "அவ யார்கிட்டயும் பேசறதில்ல மாப்பிள்ளை, சுவரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கா" என்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்தைத் திட்டுவதற்காவது நீ வாய் திறப்பாய் என்று ஓர் ஆசை.

என் சமையலை நம் நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. தொட்டிலைக் கழற்றிவிடலாமா என்று மச்சான் கேட்டார். வேண்டாம் என்றேன்.

இனி சொல்லப்போவதை மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. நம் பண்ணையில் இப்போது ஒரு கோழிகூட இல்லை.

நீ போன பிறகு புதுக் குஞ்சுகள் இறக்கினேன். கையை நீட்டினால் விரலைக் கொத்தும், அவ்வளவு துடிப்பு. சுற்றுவட்டாரத்தில் பறவைக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, உடனே ஊசி போடுங்கள் என்று கால்நடை டாக்டரம்மாவை அவசரப்படுத்தினேன். "தாய்க்கோழிங்களுக்குப் போட்ட ஊசியோட எதிர்ப்புச் சக்தி, முட்டை வழியா குஞ்சுக்கு வந்திருக்கு. அது உடம்புல நிறைய இருக்கும்போது நாம போடற ஊசி சரியா பிடிக்காது. கொஞ்சம் குறையட்டும், போடலாம்" என்றார். நாளும் குறித்தார். அந்த நாள் வருவதற்குள் நோய் வந்துவிட்டது.

காலையில் ஷெட்டுக்குள் போனால் சத்தமே இல்லை. தீவனம் போட்டது போட்டபடி கிடந்தது. முகம் வீங்கி, கழுத்தைத் தொங்கவிட்டு, மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சோதனைக்கு எடுத்துப் போனார்கள். மறுநாள் உடம்பை முழுக்க மூடிய உடுப்போடு ஆட்கள் வந்து, ஓடித் திரிந்தவற்றையும் சேர்த்தே பிடித்தார்கள். குழியை மூடிச் சுண்ணாம்பு தூவும்வரை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய் கொடுத்தது போதவில்லையா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "தன்கிட்ட இருந்ததைக் கொடுத்துத்தான் அனுப்பிச்சுது. அது குறையற நேரம் பார்த்து நோய் உள்ள வந்துடுச்சு. தாய்மேல என்ன குறை சொல்ல முடியும்?" என்றார்.

அதைக் கேட்டதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கோழிகளுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் தண்ணீர் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என் பால்ல சத்து இல்லையா? அதனாலதான் பாப்பாவால காய்ச்சலைத் தாங்க முடியலையா?" என்று கேட்டாயே. இல்லை என்று பெரிய டாக்டர் அப்போதே சொன்னார். உன் காதில் விழவில்லை. இப்போது நான் சொல்கிறேன். கேட்டுக்கொள். அவளுக்குக் கொடுக்காமல் நீ எதையும் வைத்துக்கொள்ளவில்லை. உன் தூக்கம், உன் சாப்பாடு, உன் பாட்டு எல்லாமே அவளுக்குத்தான் போனது. பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

எனக்கும் பறவைக் காய்ச்சல் ஒட்டியிருக்கிறதா என்று சுகாதாரத் துறை ஆட்கள் தினமும் வந்து பார்க்கிறார்கள். ஒன்றுமில்லை, பயப்படாதே. அவர்கள் விடும்வரை நான் அங்கே வர முடியாது.

சாயங்காலம் போன் செய்கிறேன். நீ பேச வேண்டாம்மா. எடுத்துக் காதில் வைத்துக்கொள், போதும். மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் நான் சாப்பிடுவேன். நீயும் சாப்பிடு.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா