வினைல் தரையும் கடையில் சொன்ன ஒரு ‘ஆமா’வும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் இடது முட்டி மட்டும் அவ்வளவு நலமில்லை, அது தனியாகக் கடிதம் போடாது என்பதால் அதற்கும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, துணியைக் காயவைத்து உடுத்திக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் ஒரு உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாக வீடியோவில் நீ பார்த்து “சூப்பர்மா, ஓட்டல் மாதிரி இருக்கு” என்று சொன்னாயே, அந்த வினைல் தரை, அது ஹாலின் ஒரு மூலை மட்டும்தான். நாலடிக்கு மூன்றடி இருக்கும். மீதி ஹால் முழுக்க அப்பளம் மாதிரி பொங்கிக் கிடந்தது. நீ போன் செய்வதற்குக் கால் மணி முன்னால் நாற்காலியை அந்த மூலைக்கு இழுத்துப் போட்டு, போனை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்து, வீடு முழுக்கச் சுற்றிக் காட்டுவதுபோல ஒரே நாலடியைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். ஏன்மா எப்பவும் அங்கேயே உக்காந்திருக்கே என்று நீ கேட்டதற்கு இங்கேதான் டவர் நல்லா கிடைக்குது என்றேன். அப்போது பின்னாலிருந்து உனக்குக் கேட்டது அப்பாவின் இருமல் இல்லை, சிரிப்பு.

இது எப்படி ஆயிற்று என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. பழைய தரையில் வெடிப்பு விட்டு, நடந்தால் காலைக் கீறுகிறது என்பது உனக்கே தெரியும். உன் பெரியம்மா வேறு வந்த அன்றைக்கெல்லாம் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, பரவாயில்ல, உள்ள வந்தா காலு குத்தும்ல என்று அக்கறையாகக் கேட்டுவிட்டுப் போவார். அந்த அக்கறை தாங்காமல்தான் விரிப்பு மாதிரி மேலே ஒட்டுகிற வினைல் போடுவதென்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தது நான், அப்பாவிடம் கருத்துக் கேட்டேன், அவர் ஃபேனைப் பார்த்தார், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, உழைக்க வேண்டும். இன்னொரு தடவை இந்த வீட்டில் சாமான்களை நகர்த்துகிற தெம்பு எனக்கில்லை. பெரிய கடையிலிருந்து ஆறு மாதிரித் துண்டுகள் வாங்கி வந்து பதினைந்து நாள் சமையலறையில் பரீட்சை வைத்தேன். சாவியால் கீறினேன், சுடு பாத்திரத்தை வைத்தேன், டீயை ஊற்றி மறுநாள் துடைத்தேன், அப்பாவைச் செருப்போடு அதன்மேல் நின்று திரும்பச் சொன்னேன். அவரும் திரும்பினார், முட்டி அன்றைக்குத்தான் பிடித்துக்கொண்டது. ஐந்து துண்டு தோற்றது, ஒன்று ஜெயித்தது. மேல் படலம் கனமானது, மர ரேகை போட்டது, பதினைந்து வருஷம் கேரண்டி.

தரை போடுகிற வேலையை முப்பது வருஷமாகச் செய்கிற ஆள் நம் குடும்பத்திலேயே இருக்கிறான், உன் மாமா. என் கூடப் பிறந்த தம்பி. அவனைத்தான் கடைக்கு வரச் சொன்னேன். வேலையிலிருந்து நேராக வந்தான். முட்டியில் கட்டிய பட்டை அப்படியே, நகமெல்லாம் பசை, சட்டையில் கைக்கு ஒரு நிறம். அந்தக் கடையோ கண்ணாடியும் ஏசியும், விற்கிறவர் கழுத்தில் டை. அவர் மாமாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம், “மேடம் தூக்கறதுக்கு ஆளும் கூட்டிட்டு வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு” என்றார். நான் ஆமா என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை, அந்த ஒரு ஆமாதான். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. தம்பி என்று சொன்னால் அந்த டைக்காரர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று ஒரு நொடி தோன்றியிருக்கும், அவ்வளவுதான். யாரோ ஒரு டைக்காரர், இன்றைக்கு எதிரே வந்தால் எனக்கு முகம்கூட அடையாளம் தெரியாது. உன் மாமா ரோலைத் தோளில் வைத்து வண்டிக்குக் கொண்டு போனான், ஒன்று, இரண்டு, மூன்று ரோல். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முதலாளியம்மா மாதிரி.

கடைக்காரர்கள் தங்கள் ஆட்கள் ஒட்டினால்தான் கேரண்டி என்று சொல்லிவிட்டார்கள். நானும் சரி என்றேன். வண்டியில் திரும்பி வரும்போது மாமா ஒரே ஒரு விஷயம்தான் சொன்னான். “ஒட்டறதுக்கு முன்னால பாலிதீனைத் தரையில நாலு இடத்துல டேப் போட்டு ரெண்டு நாள் விட்டுப் பாக்கச் சொல்லு. அடியில தண்ணி முத்து மாதிரி கட்டுச்சுன்னா சிமெண்ட்ல ஈரம் இருக்குன்னு அர்த்தம். மேல் படலம் எவ்வளவு கனம்னு எல்லாரும் கேக்கறாங்க, அடியில என்ன இருக்குன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல” என்றான். பெரிய கடை, அவங்களுக்குத் தெரியாதா என்றேன் நான். அவன் சிக்னலில் இறங்கி வேலை இருக்கு என்று போய்விட்டான். அதற்குப் பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. உன் அத்தையும் போன் செய்வதை நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் அவள் வீட்டு மாடியில் குடியிருப்பவர்களின் சண்டையை முக்கால் மணி நேரம் விவரிக்கிறவள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன அந்த மாடிக்காரி திரும்பி வந்தாளா இல்லையா என்றே தெரியாமல் இரண்டு மாதம் ஓட்டினேன், அது என்ன தண்டனை என்று உனக்குப் புரியாது.

தரை போட்டு மூன்றாவது வாரம் சமையலறைச் சுவர் ஓரமாக ஒரு கொப்புளம் வந்தது. மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கி ஓரடி தள்ளி எழும்பும். அப்பா அதை மிதித்து மிதித்து ஹால் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்தார், அந்த மனிதருக்கு அதில் ஒரு பொழுதுபோக்கு. கடைக்குப் போன் செய்தேன். கேரண்டித் தாளின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன், மேலிருந்து வருகிற தண்ணீருக்குத்தான் அவர்கள் பொறுப்பாம், கீழிருந்து வருவதற்கு இல்லையாம். மாமா சொன்னது அப்போதுதான் உறைத்தது. ஆனால் அவனுக்குப் போன் செய்ய எந்த முகத்தை வைத்துக்கொண்டு செய்வது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, கடைசியில் போன வாரம் நேரில் போய்விட்டேன். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை நடந்தது. நான் போனபோது அவன் எதிர்ச் சுவர் ஓரம் முட்டி போட்டு உட்கார்ந்து தரையில் பசை இழுத்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலேயே “அக்கா, அங்கயே நில்லு. பசை பூசியிருக்கு” என்றான். எனக்கும் அவனுக்கும் நடுவில் இருபதடி பசை. அது பதத்துக்கு வர அரை மணி ஆகுமாம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன், பின்னால் இரண்டு நர்ஸ்கள். தைரியம் போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று அங்கிருந்தே, அன்னிக்குக் கடையில நான் ஆமான்னு சொன்னது தப்புடா என்றேன். “என்னது? ஃபேன் ஓடுது, கேக்கல” என்றான். கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். “இன்னும் கொஞ்சம் சத்தமா” என்றான். மூன்றாவது தடவை நான் கத்தினதில் பல் வலிக்காரர் ஒருவர் வெளியே எட்டிப் பார்த்தார். ஒரு நர்ஸ் பொறுக்க முடியாமல், “அண்ணே, கடையில ஆமான்னு சொன்னது தப்பாம்” என்று அவனுக்கு எடுத்துச் சொன்னாள். “கேட்டுச்சும்மா, மொத தடவையே கேட்டுச்சு” என்றான் உன் மாமா. சிரிக்கவில்லை, ஆனால் பசைக் கரண்டி கொஞ்சம் வேகமாக ஓடியது.

அன்று சாயங்காலமே வந்தான். கத்தியால் ஓரத்தைக் கிளப்பினான், அடியில் கறுப்பாகப் பூத்து, நனைந்த சாக்கு மாதிரி ஒரு நாற்றம். நான் சொன்னேன்ல என்று சொல்வான் என்று காத்திருந்தேன், சொல்லவே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நானே பேச்சை இழுத்தேன், அந்த ஆமாவை மனசுல வெச்சுக்காதடா என்று. அவன் கத்தியைக் கீழே வைத்தான். “ஆமா சொன்னதுகூடப் பரவாயில்லக்கா. ரோலைத் தூக்கும்போது பாத்துத் தூக்குப்பா, மடங்கிடப் போகுதுன்னு சொன்னே பாரு. பொறந்ததுலேருந்து என்னை டா போட்டுத்தான் கூப்பிட்டிருக்கே. அன்னிக்கு ஒரு நாள்தான் வாப்பா போப்பான்னே” என்றான். நான் அப்படிச் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை, அதை நினைத்தால்தான் இன்னும் அவமானமாக இருக்கிறது. எழுந்து போய் டீ போட்டேன், சர்க்கரை போட மறந்துவிட்டேன், அவன் அதை அப்படியே குடித்தான்.

இப்போது அந்தப் பதினைந்து வருஷக் கேரண்டித் தரையை உரித்துச் சுருட்டிப் பின்பக்கம் நிறுத்தியிருக்கிறது, நல்ல பகுதியை அறுத்து அலமாரித் தட்டுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மாமா சொல்கிறான். வெறும் சிமெண்டில் நாலு இடத்தில் பாலிதீன் ஒட்டி, டேப்பின்மேல் பேனாவால் தேதி எழுதியிருக்கிறான். மூன்றில் ஒன்றுமில்லை, சமையலறைச் சுவர் ஓரத்தில் ஒட்டினதில் மட்டும் முத்து முத்தாகத் தண்ணீர். “பாத்தியாக்கா, இந்தப் பக்கம் மண்ணுலேருந்து ஈரம் ஏறுது, நான் அன்னிக்கே சொன்னேன்” என்று ஒரு வழியாகச் சொல்லிவிட்டான், எனக்கும் மனசு லேசாயிற்று. தினமும் வேலை முடிந்ததும் வந்து, குனிந்து அதைப் பார்த்துவிட்டு, இன்னும் காயல என்று சந்தோஷமாகச் சொல்லி, உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிறான். நேற்று அத்தையும் கூட வந்தாள், மாடிக்காரி திரும்பி வந்துவிட்டாளாம், கூடவே ஒரு நாயும். புதுத் தரையை மாமாவே தேர்ந்தெடுத்துவிட்டான், சாம்பல் நிறம், பள்ளிக்கூட வராந்தா மாதிரி இருக்கிறது, எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ரொம்ப நல்லாருக்குடா என்றேன். அந்த ‘டா’வைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு வருத்தப்படுகிறேன். அதற்காக நீ உன் வீட்டைக் காட்டும்போது அலமாரிக் கதவை மட்டும் முதுகால் அழுத்திப் பிடித்துக்கொள்கிறாய் என்பதை நான் கவனிக்கவில்லை என்று நினைக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள். குறையில்லாமல், மனம் நிறைந்து, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும், அதுதான் அப்பாவும் நானும் தினமும் நினைப்பது. இந்த ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் மாமாவுக்குப் போன் செய். பாலிதீனைப் பற்றி அரை மணி நேரம் சொல்வான், குறுக்கே பேசாமல் கேள், நீங்க சொன்னதுதான் சரி மாமா என்று ஒரு தடவையாவது சொல்.

இப்படிக்கு, உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா

கவரை ஒட்டப்போகும் நேரத்தில் குழாய்க்காரர் வந்தார், சொட்டுகிற குழாயைப் பார்க்கத்தான் கூப்பிட்டிருந்தேன். மண்ணிலிருந்து ஈரமெல்லாம் ஏறவே இல்லையாம். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு இணைப்பு கசிந்து, தண்ணீர் சுவர் வழியாக ஹாலுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மாமாவிடம் இதை நான் சொல்லப்போவதில்லை. அது, போன லீவில் நீ வந்தபோது உன் கையாலேயே மாட்டிக் கொடுத்த இணைப்பு.