சுவரில் நான்கு வெள்ளை

மார்ச் 3, செவ்வாய்

பெயின்டர் வந்து சின்ன அறைச் சுவரில் நான்கு சதுரம் பூசிக் காட்டிவிட்டுப் போனார். நான்கும் வெள்ளையை ஒட்டிய நிறங்கள். அட்டையில் இருந்த ஆங்கிலப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன், வாயில் நிற்கவில்லை. நானே பெயர் வைத்துவிட்டேன்: பால், வெண்ணெய், உப்பு, முட்டை ஓடு.

இவர் எட்டிப் பார்த்து, "நாலும் ஒண்ணுதானம்மா. ஏதோ ஒண்ணச் சொல்லு, அவ சீக்கிரம் வரட்டும்" என்றார்.

அவ என்றால் இவர் தங்கை. டெலிபோன் ஆபீசில் ஓய்வு பெற்று, ஒரு மாடி அறையில் வாடகைக்குத் தனியாக இருக்கிறாள். கண் மங்கிக்கொண்டே வருகிறது, படியில் தடுமாறுகிறாள். இனி அவள் நம்மோடுதான் என்று இவர் சொன்னபோது, "அதுக்கென்ன, தாராளமா வரட்டும். ரூமுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சிடலாம்" என்றவள் நான்தான்.

அந்தச் சின்ன அறையில்தான் காலையில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்கிறேன். என் விளக்கு, என் புத்தகங்கள். கதவைச் சாத்திக்கொள்ள இந்த வீட்டில் எனக்கு வேறு இடமில்லை.

மார்ச் 5, வியாழன்

முட்டை ஓடு சாயங்கால வெளிச்சத்தில் லேசாகச் சிவக்கிறது. உப்பு, ஆஸ்பத்திரி மாதிரி. பாலா வெண்ணெயா? நாளைக் காலை வெயிலில் பார்க்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

பெயின்டர் அலுத்துவிட்டார். "அக்கா, பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ நாள் எடுக்க மாட்டாங்க. வேற வேலை வந்திருக்கு, போகட்டுமா?"

போய்விட்டு வாருங்கள் என்றேன். சொன்னதும் நெஞ்சில் ஒரு நிம்மதி. ஏன் நிம்மதி?

மார்ச் 9, திங்கள்

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, எந்தக் கலரா இருந்தா என்ன? கண்ண மூடிட்டுத்தான தூங்கப் போறேன்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். "இல்லம்மா, உனக்குன்னு பாத்துப் பாத்துச் செய்யறேன்" என்றேன்.

மார்ச் 11, புதன்

விளக்கின் முன்னால் நான்கு சீட்டு எழுதிப் போட்டு, கடவுளே நீயே சொல் என்று ஒன்றை எடுத்தேன். வெண்ணெய்.

விரல் இரண்டு சீட்டில் பட்டதுபோல் இருந்தது என்று மறுபடி குலுக்கினேன். மறுபடி வெண்ணெய். மனம் ஒருநிலையில் இல்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று சீட்டுகளைக் கிழித்துப் போட்டேன்.

யாரிடம் இந்த நாடகம்? பதில் கேட்டதே நான். வந்த பதிலை வேண்டாம் என்பதும் நான். நிறம் முடிவானால் சுவர் முடியும். சுவர் முடிந்தால் அவள் வருவாள். அவ்வளவுதான் விஷயம். எழுதவே கை கூசுகிறது.

மார்ச் 12, வியாழன்

பால், காய்கறி, சோப்பு. வீட்டுக் கணக்கு சரி. பிரார்த்தனைக்கு உட்காரவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

விழுந்துட்டா. நேத்து மாடிப்படியில. இவர் போய் அப்படியே கூட்டிட்டு வந்துட்டார். வலது மணிக்கட்டுல கட்டு. போன வாரமே வந்திருந்தா அந்தப் படியே கிடையாதே. நான்தானே. வேற யாரு?

அறைக்குள் நுழைந்ததும் இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். "இங்க வழவழன்னு இருக்கே... இங்கயும். நாலு இடமா? எனக்காகவா அண்ணி இவ்ளோ பாத்தீங்க?"

"ஆமாம்மா" என்றேன்.

ஆமான்னு சொல்லிட்டேன். எந்த வாய் அது?

மார்ச் 17, செவ்வாய்

காலையில் அவளுக்குத் தலை பின்னும்போது சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்ததால் முடிந்தது. "அன்னிக்கு ஆமான்னு சொன்னது பொய்ம்மா. நீ வர்றது தள்ளிப் போகட்டும்னுதான் கலர் கலரா பாத்துட்டிருந்தேன்."

என் கையில் பின்னல் பாதியில் நின்றது.

"போன்லயே உங்க குரல் சொல்லிடுச்சு அண்ணி. கோபம் இல்லாம இல்ல. ஆனா என் ரூமை ஒருத்தி கேட்டா நானும் அதத்தான் செஞ்சிருப்பேன். என்ன, நீங்க நாலு கலர், நான் நாப்பது கேட்டிருப்பேன்."

பிறகு, "வெள்ளையில எனக்குச் சுவரும் கதவும் ஒண்ணாத்தான் தெரியும். கதவுக்கு மட்டும் நல்லா அழுத்தமா ஒரு கலர் அடிக்கச் சொல்லுங்க, முட்டிக்காம வருவேன்" என்றாள்.

இத்தனை நாள் சுவரையே பார்த்தேனே. அவள் கண்ணுக்கு எது தெரியும் என்று ஒரு தடவை கேட்டேனா?

மார்ச் 20, வெள்ளி

என் விளக்கையும் புத்தகங்களையும் எடுக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். "நீங்க வாய்விட்டுப் படிங்க, நானும் கேக்கறேன்." இன்று படித்தேன். அவளுக்குக் கேட்கவேண்டுமே என்று ஒவ்வொரு சொல்லாக.

பெயின்டர் திரும்பி வந்தார். கதவுக்குக் கருநீலம் என்றேன். சுவருக்கு எது அக்கா என்று கேட்டார், பயந்துகொண்டே.

முதல் சீட்டில் வந்ததைச் சொன்னேன்.