ஏழாம் விதியும் செம்மறிக் குடலும்

மார்ச் 3, திங்கள்
காலையிலிருந்து என் செல்லோவின் தடித்த தந்தி மூன்று முறை சுருதி இறங்கிவிட்டது. ஈரக்காற்று. முந்நூறு ஆண்டுக்கு முந்திய ஐரோப்பிய இசையை அக்காலத்து வாத்தியங்களிலேயே வாசிப்பதென நாங்கள் மூவரும் தீர்மானித்த பின்னர் முறையிடுவது பொருத்தமன்று. நிலத்தில் ஊன்றக் கம்பியும் இல்லை; வயலினைவிடப் பன்மடங்கு பெரிய இந்த வாத்தியத்தைக் கால்களுக்கிடையில் இடுக்கிக்கொள்ள வேண்டும்.

"இஞ்சருங்கோ, கள்ள ஆட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றாள் என் மனைவி உதயகலா.

தந்தி செம்மறிக் குடலிற் செய்யப்பட்டதென்று சுத்த சைவக்காரியான அவளுக்கு நான் அறிவிக்கவில்லை. அவள் கேட்கவுமில்லை.

மார்ச் 6, வியாழன்
கோப்பாயில் சைவ மண்டபத்தில் ஒத்திகை. செபநாயகம் ஹார்ப்சிகோட் என்னும் பழைய விசைப்பலகை வாத்தியம், நெதர்லாந்திலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் துஷாந்தினி வயலின். கச்சேரி 15ஆம் திகதி. 17ஆம் திகதி அவள் விமானம் ஏறுகிறாள். இரண்டு ஆண்டு ஆயத்தத்துக்கு அந்த ஒரு நாள்தான்.

மண்டபச் செயலாளர் தியாகலிங்கம் மாஸ்ரர் வந்து, தந்தி எதனால் ஆனதென்று விசாரித்தார். இயற்கைப் பொருள் என்றேன். பொய்யன்று.

"ஆட்டுக்குடல், மாஸ்ரர். தொட்டுப் பாருங்கோ" என்று துஷாந்தினி வயலினை நீட்டினாள்.

அவர் தொடவில்லை. சுவரில் மாட்டியிருந்த விதிகளில் ஏழாவதை உரக்க வாசித்தார்: மீன், இறைச்சி முதலிய மச்சமோ, மச்சத்திலிருந்து பெறப்பட்ட எப்பொருளுமோ மண்டபத்தினுட் கொண்டுவரப்படலாகாது.

"நல்லா எழுதியிருக்கு. ஆர் எழுதினது, அப்புக்காத்தர்?" என்று என்னிடம் திரும்பினார்.

வழக்கறிஞனான நான்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கலியாண வீட்டார் மாசிக் கருவாட்டுச் சம்பலோடு வந்து, மாசி மச்சமில்லை என்று வாதிட்டதன் பின் எழுதியது. 'பெறப்பட்ட எப்பொருளும்' — அன்று எவ்வளவு பெருமைப்பட்டேன்!

மார்ச் 7, வெள்ளி
எஃகுத் தந்தி பூட்டலாமா என்று கேட்டேன். துஷாந்தினி வயலின் பெட்டியை மூடினாள்.

மார்ச் 9, ஞாயிறு
மாஸ்ரருக்குக் கடிதம் கொடுத்தேன். வாதமன்று; விளக்கம் கோரல் மாத்திரம். தோல் போர்த்த மிருதங்கத்துக்கும் ஏழாம் விதி பொருந்துமா?

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் அவருடைய மகள் பிரசாந்திக்கு மிருதங்க அரங்கேற்றம். அதை நான் குறிப்பிடவில்லை. அதற்கான அழைப்பிதழ் வந்த உறையிலேயே கடிதத்தை இட்டேன். வேறு உறை அகப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

மார்ச் 11, செவ்வாய்
மாஸ்ரர் வீட்டுக்கே வந்தார். முதலில் தேநீரைக் குடித்து முடித்தார்.

"பொருந்தும். என்ரை பிள்ளைக்காக விதியை மாத்தமாட்டன்."

எல்லாம் முடிந்ததென்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஆனா மண்டப முற்றத்துக்கு விதி எழுத மறந்துபோனியள்."

அவர் போனதும் குசினியிலிருந்து உதயகலாவின் குரல் வந்தது: "என்ன விதி? என்ன மச்சம்?"

இன்று தொடக்கம் செல்லோ கார்க்கொட்டிலில்.

மார்ச் 15, சனி
முற்றத்திற் கச்சேரி. பனி இறங்கத் தந்தியும் இறங்கியது. நடுவில் தண்ணீர் மோட்டார் இரைய, மாஸ்ரர் முன்வரிசையிலிருந்து எழுந்துபோய் நிறுத்தினார். அது மறுபடி இரைய, மறுபடி போனார். மெல்லிய பகுதியில் துஷாந்தினியின் வயலின் தனியே நின்றது. அந்தக் கரகரப்பு — எஃகில் வராது. கேட்டுக்கொண்டிருந்து நான் வாசிக்கத் தொடங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். முப்பது ஆண்டு நீதிமன்றில் ஒருநாளும் அப்படி நேர்ந்ததில்லை.

ஏப்ரல் 2, புதன்
அரங்கேற்ற அழைப்பிதழ் மீண்டும் வந்திருக்கிறது, நான் அனுப்பிய அதே உறையில். 'மண்டபத்தில்' என்பதைப் பேனாவால் வெட்டி 'முற்றத்தில்' என்று எழுதியிருக்கிறார். கீழே ஒரு வரி:

"உங்களுக்குத் தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்துக் கதிரை."