கத்திக்கும் மண்ணுக்கும் இடையில்

மச்சான்,

கனடாவிலிருந்து உன் பெயருக்கு ஒரு பெட்டி வந்திருக்கிறது. என் தங்கச்சி, உன் மனைவி, அதைக் குசினி மேசையில் வைத்து மரக்கறிக் கத்தியால் கீறித் திறந்தாள். புது றப்பர் மணம் வீடு முழுவதும் பரவியது. உள்ளே உன் புல்வெட்டிக்குப் பூட்டுகிற நான்கு சில்லுகள், றப்பர்ச் சக்கரங்கள். பழையவற்றைவிடப் பெரியவை, அகலமானவை. உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனமெல்லாம் போய், வீடு வெறுமையாகக் கிடக்கிற நேரத்தில் வந்திருக்கின்றன.

"இது என்ன அண்ணா? இவர் எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே" என்றாள்.

எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. நான் கேட்டுக் கேட்டு, நீ சிரித்துச் சிரித்து மறுத்த அதே சில்லுகள். யாருக்கும் சொல்லாமல் தருவித்திருக்கிறாய். அவை கப்பலில் வந்துகொண்டிருக்கும்போது நீ போய்விட்டாய். வாசலில் நின்று அந்த மணத்தை முகர்ந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அந்தப் புல்வெட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? பளையில் உன் அப்பாவின் தென்னங்காணிக்கு, அத்தனை வருடம் கனடாவில் இருந்துவிட்டு, ஏறி இருந்து ஓட்டுகிற ஒரு செம்மஞ்சள் இயந்திரத்தோடு வந்து இறங்கினாய். சனம் வேலிக்கரையில் நின்று பார்த்தது. பக்கத்துக் காணி ஆச்சி, "இதில ஏறி எங்க தம்பி போகப்போறியள், கொழும்புக்கோ?" என்று கேட்டா. "இல்லையணை, உங்களை ஏத்திக்கொண்டு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். உனக்கு அது எப்போதும் கைவந்தது. வந்த அன்றே ஊர் உன்னுடையதாகிவிடும். போகாமல் இருந்தவன் நான். பட்டம் படித்து, பாடசாலையில் விவசாயம் படிப்பித்து, எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் அதிபராகி எனக்கு மேலே இருந்ததையும் பார்த்துவிட்டு ஓய்வெடுத்தவன். என்னை ஊர் இன்னும் 'வாத்தியார்' என்று ஒதுக்கமாகத்தான் கூப்பிடுகிறது.

முதல் ஓட்டத்திலேயே அது நடந்தது. இயந்திரத்தின் வயிற்றில் தொங்கும் இரும்பு மூடிக்குள்தான் கத்திகள் சுழல்கின்றன. நீ அதை 'டெக்' என்பாய். அதன் ஓரங்களில் நான்கு சின்னச் சில்லுகள். பளை மணல் மெத்தென்றது. சில்லுகள் புதைந்தன, டெக் ஒரு பக்கம் சரிந்தது, கத்தி புல்லை விட்டுவிட்டு மண்ணைச் சீவியது. டங் என்று ஒரு சத்தம். என்ன நடந்ததென்று தெரியுமுன் நான் குப்புறப் படுத்திருந்தேன். வாய்க்குள் மணல்.

நீ இயந்திரத்தை நிறுத்தினாய். "தேங்காய்ச் சிரட்டையடா. சிரட்டைக்குக் குப்புற விழுந்தவன் இந்த வன்னியில நீ ஒருத்தன்தான்." தேங்காய் பொறுக்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் இல்லை.

அன்று மாலைதான் நான் சொன்னேன், பெரிய சில்லாகப் போடு, கத்தி எந்த இடத்திலும் மண்ணைத் தொடக்கூடாது என்று. நீ தேத்தண்ணியை வைத்துவிட்டு எனக்கு விளக்கம் தந்தாய். "அந்தச் சில்லு நிலத்தில ஓடுறதுக்கில்லை, மச்சான். ஒரு விரல் மேல தொங்கவேணும். மேடு வந்தால் மட்டும் முட்டி டெக்கைத் தூக்கும். பெரிசைப் போட்டு நிலத்தில ஓடவிட்டால் பாரம் முழுக்க அதில வந்து, பூட்டின இரும்பு வளைஞ்சுபோம்."

"வளைஞ்சால் வளையட்டும்" என்றேன்.

"சரி, இதை யோசிச்சியோ? இப்ப நிலத்தை மிதிக்கிறது மெசினிட ரயர் மட்டும்தான். நீ சொல்லுற சில்லைப் போட்டால் அதுகளும் மிதிக்கும். ரயர் படாத இடத்தில மிதிக்கும். இனி உனக்குப் பயம் குறையுமோ, கூடுமோ?"

சொல்லிவிட்டுச் சிரித்தாய். அதுவரை கத்தி மண்ணுக்குள் கிடக்கும் வெடியில் படுமோ என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அன்றிலிருந்து சில்லைப் பற்றியும் பயம்.

காணியைக் கண்ணிவெடி அகற்றும் ஆட்கள் முழுதாகத் துப்புரவாக்கித்தான் தந்தார்கள். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். நீ அதையே திருப்பித் திருப்பிச் சொல்வாய். "மாடு மேயுது. சனம் தேங்காய் பொறுக்குது. எல்லாரையும் விட்டிட்டு உனக்கு மட்டும் வெடிக்கிறதுக்கு நீ ஆர், மந்திரியோ?" நியாயமான கதைதான். ஆனால் நீ இல்லாத வருடங்களில் சண்டை முடிந்து நாங்கள் மீளக்குடியேறியபோது, வட்டக்கச்சியில் என் பக்கத்து வீட்டுக்காரர் வாழைக்குட்டி நட மண்வெட்டியால் குழி வெட்டினார். அந்தக் காணியிலும் மாடு மேய்ந்தது. அவருடைய பிள்ளைகள் அதே இடத்தில் பந்து விளையாடினார்கள். சத்தம் கேட்டு ஓடியது நான். உழவு இயந்திரப் பெட்டியில் அவருடைய தலையை மடியில் வைத்துக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோனது நான். வழி நெடுக அவர் கேட்டது ஒன்றுதான்: "வாத்தியார், மம்பெட்டியை எடுத்து வச்சனீங்களோ?" ஆசுப்பத்திரி வாசலில் அந்தக் கேள்வி நின்றது. இதை உனக்கு ஒரு முறை சொல்லத் தொடங்கினேன். நீ கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நிறுத்திவிட்டேன்.

பிறகு நீ செத்துப்போனாய். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கதிரையில் சாய்ந்தபடி தண்ணீர் கேட்டாய். தங்கச்சி செம்போடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மண்ணுக்குள்ளிருந்து வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த சாவு உன் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

இப்போது காணியில் புல் முழங்காலைத் தாண்டிவிட்டது. விழுகிற தேங்காய் கண்ணில் படுவதில்லை. புடையன் பாம்பு கண்டதிலிருந்து பொறுக்குகிற பெண்கள் உள்ளே இறங்க மறுக்கிறார்கள். அந்தக் காணியை விட்டால் தங்கச்சிக்கு வேறு வருமானமில்லை. நான் ஒவ்வொரு சாட்டாகச் சொல்லி நாளைத் தள்ளினேன். சில்லு ஆடுகிறது, மழை வரும்போல் கிடக்கிறது என்று. பெட்டி வந்ததும் சாட்டுகள் முடிந்தன.

"அண்ணா, உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ. நான் ஓட்டுறன். இவர் காட்டித் தந்தவர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

முற்றத்துச் சீமெந்தில் இயந்திரத்தை நிறுத்தி, நாலு ரயருக்கும் காற்றுச் சரிபார்த்து, டெக்கைக் கட்டைமேல் இறக்கினேன். பழைய சில்லுகளின் போல்ட் கறள் பிடித்து இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருந்து கழற்றினேன். சில்லு பூட்டும் இரும்பில் மேலும் கீழுமாகத் துளைகள். கீழ்த் துளையில் போட்டால் பெரிய சில்லு நிலத்தில் இருந்து டெக்கைத் தாங்கும், கத்தி மண்ணைத் தொடாது. நான் கேட்டது அது. மேல் துளையில் போட்டால் சில்லு நிலத்துக்கு ஒரு விரல் மேலே தொங்கும். புதைகிற இடத்தில் அதன் அகலம் தாங்கும், மற்ற இடத்தில் எதையும் மிதிக்காது. நீ சொன்னது அது. ஸ்பனரோடு நெடுநேரம் குந்தியிருந்தேன். கத்தியா, சில்லா? எதற்கு அதிகம் பயப்படுவது என்று முடிவெடுக்கவேண்டியிருந்தது.

மேல் துளையில் போட்டேன். சில்லு மூடியில் உரசியது. இடையில் ஒரு வாஷரைக் கொடுத்து இறுக்கினேன். உரசாமல் சுற்றியது.

காணிக்குள் கொண்டுபோய், முதல் தென்னை வரிசைக்கு முன்னால் நிறுத்தினேன். இறங்கி, புல்லை விலக்கி நிலத்தைப் பார்த்தேன். மணலில் இறுகிய இரண்டு தடங்கள். புல் அவற்றில் முளைக்கவே இல்லை. அடுத்த வரிசையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும். நீ ஓட்டிய அத்தனை முறையும் ஒரே தடத்தில்தான் ஓட்டியிருக்கிறாய். ஒரு சாண்கூட அங்கே இங்கே விலகவில்லை. அப்படி ஓட்டுகிற ஒருவனால் கண்ணை நிலத்திலிருந்து எடுக்க முடியாது. சிரிக்கவும் முடியாது.

ரயர் படாத இடத்தில் சில்லு மிதிக்கும் என்று அன்று நீ சிரித்தபடி சொன்னது பகிடியில்லை.

நீ பயப்படாதவன் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே தைரியம் என்று அப்போதுதான் விளங்கியது. உன்னைத் திட்டிக்கொண்டே உன் பின்னால் நின்றிருக்கிறேன். ஒரு நாள் தேத்தண்ணி குடிக்கும்போது "எனக்கும் பயமாத்தான் கிடக்கு" என்று நீ சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாம்.

உன் தடத்திலேயே ரயரை வைத்து ஓட்டினேன். சில்லுகள் தொங்கியபடி வந்தன. மேடு வந்தபோது முட்டித் தூக்கின. ஒவ்வொரு முட்டலுக்கும் என் நெஞ்சும் தூக்கிப்போட்டது. கடைசி வரிசையில், பனை வடலிகளுக்குக் கிட்ட, உன் தடம் திடீரென்று வளைந்தது. மரமில்லை, பள்ளமில்லை, புற்றுமில்லை. வெறும் நிலத்தைச் சுற்றி அரைவட்டமாகப் போய், மறுபடி நேராகியது. நடுவில் நீ ஒருபோதும் வெட்டாத புல் ஆளுயரத்துக்கு நின்றது.

இயந்திரத்தை அங்கேயே நிறுத்தி, தடத்தின் மேலேயே நடந்து திரும்பி வந்தேன். தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாது. "இவர் அதால வளைஞ்சுதான் போறவர். நான் கேக்கேல்லை" என்றாள். கண்ணிவெடி அகற்றும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இரண்டு பெண்பிள்ளைகள் கருவியோடு வந்து, முழங்காலில் நின்று, அந்த இடத்தை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்கள். கறள் பிடித்த ஒரு தகர மீன் ரின்னும் ஒரு கதவுப் பிணைச்சலும் கிடைத்தன.

"ஐயா, இங்க ஒண்டுமில்லை. பயப்பிடாம வெட்டுங்கோ" என்றாள் மூத்தவள். "ஆர் இதில இருக்கெண்டு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, பிள்ளை" என்றேன்.

அவர்கள் போனபின் ஏறி ஓட்டினேன். இந்த முறை நேராகப் போவதென்று வாய்விட்டே சொல்லிக்கொண்டேன். அந்த இடம் வந்ததும் கை தானாக வளைத்தது. வேலிப் படலையில் நின்ற தங்கச்சி அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகும் வெட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வளைந்துதான் போகிறேன். என் பயத்துக்கு ஒரு சத்தம் இருக்கிறது, மச்சான், என் மடியில் கிடந்த ஒரு மனிதர் இருக்கிறார். உன்னுடைய பயம் எங்கிருந்து வந்ததென்று நீ சொல்லவில்லை. அதையும் சேர்த்துத்தான் அந்த வளைவில் நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.