யார் காதுக்குப் போகும்?

மார்ச் 4
இரண்டாவது வாரமாக வண்டி ஏறவில்லை. வளைவு தாண்டியதும் தண்டவாளத்தில் வந்து நின்ற அந்த ஆள் இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே நிற்கிறான். பிரேக் போட்டேனே. ரயில் என்ன சைக்கிளா, பிடித்த இடத்தில் நிற்க? டிப்போ அதிகாரி (கத்தியே பேசுவதால் எங்களுக்கு அவர் ‘விசில்’) மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். பார்க்காவிட்டால் வண்டி கிடையாதாம்.

மார்ச் 6
போனேன். ஆலோசகர் அம்மா நல்ல மாதிரிதான். “இங்க பேசுறது இந்த நாலு சுவத்தைத் தாண்டாது” என்றார்.

மார்ச் 13
சொல்லிவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லாதது. செத்தவன்மேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. சாகிறதுக்கு என் வண்டிதானா கிடைச்சது? கடைசியில என் முகத்தை எதுக்குடா பார்த்த?
மூக்கு ஒழுக அழுதேன். வீட்டுக்கு வந்து அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

மார்ச் 17
விசில் கூப்பிட்டார். கதவைக்கூடச் சாத்தவில்லை. “ஏம்பா, செத்தவன்மேல கோவமா இருக்கியாமே? இந்த மனசோட உன்னை எப்படி வண்டி ஏத்துறது?”
வெளியே பெஞ்சில் நான்கு டிரைவர்கள். பேச்சு சட்டென்று நின்றது.
நுணலும் தன் வாயால் கெடும்.

மார்ச் 18
“போய்க் கேளுங்க. யாரைக் கேட்டுச் சொன்னாங்கன்னு கேளுங்க” என்கிறாள் மனைவி. கேட்டு? கொட்டினதை அள்ள முடியுமா?

மார்ச் 20
கேட்டேன். ஆலோசகர் மேசையைப் பார்த்தபடி, “உங்க ஆபீஸ்தான் அனுப்புச்சு, எப்படி இருக்கார்னு போன்ல கேட்டாங்க...” என்று இழுத்தார்.
“கேட்டா சொல்வீங்கன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமேம்மா. வாயைத் திறக்கலாமா வேணாமான்னு நான் முடிவு பண்ணியிருப்பேன்.”
“தப்புதான். மன்னிச்சிடுங்க.”
அதோடு முடிந்தது. சண்டை போடக்கூட எனக்கு எதுவும் மிச்சமில்லை. வேறு ஆலோசகர் வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை உண்டாம். அதையும் அவரேதான் சொன்னார்.

ஏப்ரல் 2
உதிரி சாமான் கிடங்கில் போட்டுவிட்டார்கள். ஜன்னல் இல்லை. வண்டிகள் போகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

ஏப்ரல் 9
புது ஆலோசகர். உட்கார்ந்ததும் அவரே ஆரம்பித்தார்: “உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும்தான் வெளிய சொல்வேன். ஆபீசுக்கு எது போனாலும் உங்ககிட்ட காட்டிட்டுத்தான் போகும். ஆனா ஒண்ணு, மறைக்காம பேசுறது உங்க பொறுப்பு.”
நியாயமான பேச்சு. தலையாட்டினேன். பிறகு நேரம் முடியும்வரை என் முட்டிவலியைப் பற்றியே பேசிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 16
இன்றும் முட்டிவலிதான்.

ஏப்ரல் 28
மூத்த டிரைவர் ஒருவர் கிடங்குக்கு வந்தார். போன வாரம் அவர் வண்டி முன்னாலும் ஒரு பெண் வந்து நின்றுவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன், பாதி சட்டையில் சிந்தியது. “தம்பி, நாளைக்கு ஆலோசகர்கிட்டப் போகச் சொல்லியிருக்காங்க. எல்லாத்தையும் சொல்லலாமாடா?”
என்ன சொல்ல? சொல்லாவிட்டால் மனுஷன் உள்ளுக்குள்ளேயே புழுங்கிப்போவார்.
“நீங்க சொல்றது யார் காதுக்குப் போகும்னு முதல்ல கேளுங்கண்ணே.”
“நீ கேட்டியா?”
“எனக்குக் கேக்கத் தெரியலண்ணே.”

ஏப்ரல் 29
லீவு போட்டுக் கூடப் போனேன். அவர் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் லேசாக அழுகைச் சத்தம். எழுந்து, வராந்தாவின் கோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.